துவைக்க வேண்டாம்

கவரைப்பேட்டை
20.8.2023

மெர்சி அக்காவுக்கு ஜெபா எழுதுவது. நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் முழங்கால் போடுகிறேன். நான் இருக்கிறேன். என் ரூபன் எப்படி இருக்கிறான்?

ஃபோன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் பிள்ளை ஏங்கிப்போய் அன்றைக்கெல்லாம் பாட்டிலைத் தொட மாட்டேன் என்கிறான், எதுவானாலும் எழுது என்று சொன்னாய். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்கு அப்புறம் இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். தப்பு இருந்தால் மாமாவிடம் காட்டிச் சிரிக்காதே.

இந்த ஹாஸ்டலில் எல்லாரும் ஒரே கம்பெனிதான். காருக்குப் போகிற ஒயரைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களை உள்ளே விட மாட்டோம் என்று வார்டன் முதல் நாளே சொல்லிவிட்டாள். இம்மானுவேல் காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், நான் ஏழு மாசமாக இருக்கும்போதே அங்கே வேறு ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். நம் அம்மா அப்பாவும் இல்லை. "நான் பாத்துக்கறேன்டி, நீ ஒரு நெலைக்கு வந்துட்டு கூட்டிகினு போ" என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மூன்று மாசப் பிள்ளையை உன் மடியில் வைத்துவிட்டு வந்தேன். இந்த நன்றியை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கிடக்கிறது. பாத்ரூமில் பீய்ச்சி விடுகிறேன். தண்ணீரோடு சேர்ந்து அது போவதைப் பார்க்க முடியவில்லை அக்கா.

இதோடு ஒரு கிலுகிலுப்பை வைத்திருக்கிறேன். இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, உள்ளே பச்சைப்பயறு போட்டு, மேலே சிவப்பு டேப் சுற்றினேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் பொம்மை. அடுத்த ஞாயிறு வரலாமா? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
ஜெபா


திருநின்றவூர்
5.9.2023

அன்புத் தங்கை ஜெபாவுக்கு, தேவன் இந்த மாதமும் எங்கள் வீட்டைச் சுகத்தோடு காத்தார். உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடு.

கிலுகிலுப்பை வந்தது. நல்லவேளை, முதலில் நான் ஆட்டிப் பார்த்தேன். மூடி கழன்று பயறெல்லாம் கூடம் முழுக்க உருண்டது. ஒரு பயறு அவன் தொண்டையில் போயிருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். உன் மேல் குற்றம் சொல்லவில்லை. பெற்றுவிட்டால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா? பயறைப் பொறுக்கிக் கழுவி சுண்டல் பண்ணிவிட்டேன். மாமா நன்றாக இருந்தது என்றார்.

பால் விஷயமெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயமா? மல்லிகைப்பூ வைத்துக் கட்டு, வற்றிவிடும். இனி அது எதற்கு?

ரூபனுக்குச் சளி. வெளியிலிருந்து வருகிறவர்கள் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் இந்த மாதம் வர வேண்டாம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தானே வளர ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து இந்த வீட்டில் கொடியில் சின்னத் துணி காய்கிறது. நீ நன்றி சொல்ல வேண்டியதில்லை.

உனக்காக ஜெபிக்கிற,
மெர்சி அக்கா


கவரைப்பேட்டை
24.9.2023

அக்காவுக்கு, ரூபனுக்குச் சளி விட்டதா? அதை முதலில் எழுது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மல்லிகைப்பூ வைத்துக் கட்டினேன். நீ சொன்ன மாதிரியே வற்றிவிட்டது.

இந்தத் தடவை முயல். வேலைக்குப் போடுகிற வெள்ளை நூல் க்ளவுஸில் செய்தேன். இரண்டு விரல் காது, இரண்டு விரல் கை, கட்டை விரலை உள்ளே மடித்துத் தைத்தால் வால் மாதிரி வருகிறது. என் பக்கத்துக் கட்டில் கல்பனா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கையில போடறதுக்குக் காது வெச்சிகினு கீற?" என்று கிண்டல் பண்ணினாள். அப்புறம் அவளே ஊசியைப் பிடுங்கித் தையல் போடக் கற்றுக் கொடுத்தாள். புது க்ளவுஸ்தான், ஒயரையோ எண்ணெயையோ தொடாதது. பொத்தான் வைத்தால் பிய்த்து விழுங்கிவிடுவான் என்று கண்ணை நூலாலேயே தைத்திருக்கிறேன். பார், நானும் கற்றுக்கொள்கிறேன்.

ஒரு கண் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அவன் கண்டுபிடிக்க மாட்டான்.

எப்போது வரட்டும்?

ஜெபா


கவரைப்பேட்டை
5.11.2023

அக்காவுக்கு, நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முயல் வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. தபாலில் எங்காவது மாட்டிக்கொண்டதோ என்னவோ.

போன ஞாயிறு உன்னைக் கேட்காமல் வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கிருந்து ஒரு ரயில், பேசின் பிரிட்ஜில் மாறி இன்னொரு ரயில். மூன்றாவது மாடி ஏறி பெல் அடித்தேன். நிறைய நேரம் நின்றேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை சிரிக்கிற சத்தமும் கேட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும். நீங்கள் சர்ச்சுக்குப் போயிருப்பீர்கள் என்று திரும்பிவிட்டேன்.

கதவில் மாட்டிவிட்டு வந்த பையில் ஒரு துணிப் பொம்மை இருந்திருக்கும். அது என் நீல நைட்டி அக்கா, பிள்ளை பிறந்ததிலிருந்து மூன்று மாசமும் நான் போட்டிருந்தது. அதை வெட்டிப் பொம்மையாக்கி, பஞ்சுக்குப் பதில் அதன் மிச்சத் துணியையே உள்ளே அடைத்திருக்கிறேன். தைத்த பிறகு ஒரு வாரம் என்னோடு வைத்துப் படுத்தேன். என் வாசனை அதில் இருக்கும். அவன் என்னை மறக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதைத் துவைக்க வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று நினைக்காதே, அப்படியே அவன் பக்கத்தில் போடு. துவைக்க வேண்டாம் அக்கா.

ஜெபா


திருநின்றவூர்
26.11.2023

அன்புள்ள ஜெபாவுக்கு, கர்த்தர் கிருபையில் இங்கே குறை ஒன்றும் இல்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

நீ வந்த ஞாயிறு நாங்கள் சர்ச்சில்தான் இருந்தோம். ஃபேனை அணைக்காமல் போவது மாமாவின் பழக்கம்.

முயல் எப்போதோ வந்துவிட்டது. கம்பெனி க்ளவுஸைப் பிள்ளை வாயில் வைப்பான் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? எந்த மருந்தில் நனைத்த நூலோ. மாமா அதில் பைக் துடைக்கிறார். நன்றாகத் துடைக்கிறதாம்.

பொம்மையும் கிடைத்தது. பையைத் திறந்ததும் வியர்வை நாற்றம். உன் கடிதம் பத்து நாள் கழித்துத்தான் வந்தது, அதற்குள் வெந்நீரில் டெட்டால் விட்டு ஊறவைத்துவிட்டேன். முன்னாலேயே வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், உன்னிடம் பொய் சொல்வானேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசி மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். அதன் பிறகு அவன் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான். கீழே போட்டுவிட்டான். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இனி இந்த மாதிரி எதுவும் செய்து அனுப்பாதே. அவனுக்குக் கடையில் வாங்கியதே வீடு கொள்ளாமல் கிடக்கிறது. இப்போது உட்காருகிறான். என் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

கிறிஸ்துமஸுக்கு வா. மத்தியானம் ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு வந்தால் போதும்.

மெர்சி அக்கா


கவரைப்பேட்டை
31.12.2023

அக்காவுக்கும் மாமாவுக்கும் புது வருஷ வாழ்த்துக்கள். அன்றைக்குப் போட்ட பிரியாணி நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவனுக்கு ஒன்றும் ஆடவில்லை. நான் கை நீட்டியதும் வீறிட்டு அழுது உன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நீ சிரித்தாய். "ஐயோ, யாரோன்னு நென்ச்சிகினான் பாரு" என்று மாமாவிடம் சொன்னாய். அழுதுகொண்டே தூங்கட்டும் என்று அறைக்குள் தூக்கிப் போய்க் கதவைச் சாத்திவிட்டாய். நான் கிளம்புகிற வரைக்கும் கதவு திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது அக்கா. உன் மேல் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

என் ஃபோட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை அவனிடம் காட்டி, இது அம்மா என்று சொல். பொம்மை எதுவும் இனி அனுப்ப மாட்டேன். இதை மட்டும் செய்.

ஜெபா


திருநின்றவூர்
3.3.2024

அன்புள்ள ஜெபாவுக்கு, சபை வேலை, வீட்டு வேலை, பிள்ளை வேலை என்று பதில் எழுத நேரமே இல்லை. நீ சுகமா?

ஒரு சந்தோஷமான செய்தி. ரூபன் பேச ஆரம்பித்துவிட்டான். நான் அவனுக்குப் 'பெரியம்மா' என்று சொல்லத்தான் கற்றுக்கொடுத்தேன், தேவன் சாட்சி. அவனுக்கு அவ்வளவு பெரிய வார்த்தை வாயில் நிற்கவில்லை. முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டான். 'ம்மா' என்கிறான். நான் சமையலறைக்குப் போனால் ம்மா. குளிக்கப் போனால் கதவைத் தட்டி ம்மா. பிள்ளை வாயில் வருவதை நான் எப்படித் திருத்துவது?

மே பன்னிரண்டு அவனுக்கு ஒரு வயசு. ஞாயிற்றுக்கிழமையாக வருகிறது. வீட்டிலேயே ஜெபம் வைத்துக் கேக் வெட்டுகிறோம். நீயும் வர வேண்டும். ஒரு விஷயம் மட்டும். இந்தப் புதுச் சபையில் யாருக்கும் நம் வீட்டுக் கதை தெரியாது. அவன் என்னை ம்மா என்று கூப்பிடுவதைப் பார்த்து அவர்களாகவே ஒன்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. இம்மானுவேல் கதையெல்லாம் அவர்கள் வாயில் விழுந்தால் உனக்குத்தானே அசிங்கம்? அதனால் அன்றைக்கு நீ சித்தியாக வா. ஒரு நாள்தானே.

ஃபோட்டோவைக் காட்டினேன். வாயில் வைத்து மென்றுவிட்டான்.

மெர்சி அக்கா


கவரைப்பேட்டை, ரயிலடித் தெரு
14.4.2024

அக்காவுக்கு, நான் சுகம். முகவரி மாறியிருக்கிறது, இனி இதற்கே எழுது.

சரி. சித்தியாகவே வருகிறேன். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் எழுது.

ரூபனின் சித்தி,
ஜெபா


திருநின்றவூர்
19.5.2024

அடி பாவி. உன் சுகத்தை விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் என் கையாலேயே அவனைத் தூக்கி உன்னிடம் கொடுத்தேன். "சித்திகிட்ட போடா கண்ணு" என்று சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு ரயில் என்றால் பைத்தியம் என்று உனக்கு எழுதியதும் நான்தான். "ஸ்டேஷன் பக்கந்தானே அக்கா, ரயில் காட்டிட்டு வந்துடறேன்" என்றாய். நான் எல்லாருக்கும் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். ஐஸ்கிரீம் உருகிய பிறகுதான் உன்னைக் காணோம் என்று உறைத்தது.

போலீஸுக்குப் போகலாம் என்றேன். மாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "அவ புள்ள, அவ தூக்கிகினு போயிட்டா. இன்னான்னு எழுதிக் குடுப்ப?" என்றார். பாஸ்டரின் எதிரிலேயே அப்படிச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. போன ஞாயிறுவரை என்னை ரூபன் அம்மா என்று கூப்பிட்டவர்கள் இன்றைக்கு என்னைப் பார்த்ததும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

முகவரி மாறியதைக் கவனித்தேன், வேறு ஹாஸ்டல் என்று நினைத்தேன். உனக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும் என்று யார் கண்டது?

அவனுக்கு இரவில் என் சேலை வேண்டும். பாட்டிலை முழங்கையில் சாய்த்துத்தான் குடிப்பான். ஒன்றும் தெரியாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். ஃபோனை எடு ஜெபா. தயவு செய்து எடு.

மெர்சி


கவரைப்பேட்டை
9.6.2024

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ரூபன் நன்றாக இருக்கிறான்.

கல்பனாவும் நானும் சேர்ந்து ஒரு அறை எடுத்திருக்கிறோம். எனக்குக் காலை ஷிப்டு என்றால் அவளுக்கு மத்தியானம். நடுவில் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்கிறார். ஒரு நிலைக்கு வந்ததும் கூட்டிப் போகச் சொன்னீர்கள். வந்துவிட்டேன்.

ஃபோன் பண்ண வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் பிள்ளை ஏங்கிப்போகிறான். எதுவானாலும் எழுதுங்கள்.

போன ஞாயிறு நீங்கள் இவ்வளவு தூரம் வந்து கதவைத் தட்டியதாக வீட்டுக்காரம்மா சொன்னார். நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்தோம். ஃபேனை அணைக்காமல் போவது கல்பனாவின் பழக்கம்.

உங்கள்,
ஜெபா


திருநின்றவூர்
7.7.2024

ஜெபாவுக்கு, சுகமா என்று கேட்கிறேன். நிஜமாகவே கேட்கிறேன்.

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து உன் வாயில் நான் 'நீ'தான். இதற்கு நீ நேரில் வந்து என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அன்றைக்கு நீ பெல் அடித்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். அவன் வாயைப் பொத்தினேன். பொத்தப் பொத்த விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். உனக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரியும். திறந்தால் நீ தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று பயமாக இருந்தது. அவ்வளவுதான் என்னிடம் இருக்கிற நியாயம்.

மாமா தூளியைக் கழற்றச் சொல்கிறார். வெறும் தூளியை ஆட்டக் கூடாது என்பார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இதோடு ஒரு பொம்மை வைத்திருக்கிறேன். எனக்குத் தையல் தெரியாது, உனக்குத் தெரியும். கால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. யூடியூப் பார்த்து, பிரித்துப் பிரித்துத் தைத்தேன். விரலெல்லாம் ஊசி குத்து. அவன் பிடித்துக்கொண்டு தூங்குவானே, அந்தப் பச்சைச் சேலை. அதில்தான் செய்தேன். கண் வைக்கவில்லை, பொத்தான் ஆபத்து.

கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். துவைக்க வேண்டாம்.

மெர்சி


கவரைப்பேட்டை
28.7.2024

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, உங்கள் முழங்கால் வலி தேவலையா? ரூபன் சுகம். நடக்கிறான், விழுகிறான், எழுந்து மறுபடி நடக்கிறான்.

பொம்மை வந்தது. பார்சலைப் பிரித்தபோது அவன் அறையின் அந்தப் பக்கம் கிண்ணத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். சேலை வாசனை பட்டதும் தலையைத் தூக்கினான். 'ம்மா' என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துச் சொன்னான். தத்தித் தத்திப் போய்க் கதவைத் தட்டித் தட்டிச் சொன்னான். வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு தடவைகூட அவன் அதைச் சொன்னதில்லை.

கல்பனா, "அப்பிடியே குட்த்துடு ஜெபா, பாவம் புள்ள" என்றாள். நான் வெந்நீர் வைத்தேன். டெட்டால் விட்டு ஊறவைத்து, சோப்புப் போட்டு, பச்சைச் சாயம் போகும்வரை அலசினேன். அவன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அழட்டும் என்று விட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது அக்கா, உங்களிடம் பொய் சொல்வானேன்.

மறுநாள் காய்ந்த பிறகு அவன் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான். திருப்பித் திருப்பி முகர்ந்தான். அப்புறம் கீழே போட்டுவிட்டான். இன்றைக்கு வரைக்கும் ம்மா என்று யாரையும் கூப்பிடவில்லை.

தூளியைக் கழற்றிவிடுங்கள். வெறும் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரூபனின் அம்மா,
ஜெபா